இருவர் அறை

என் நாத்தனாருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கலெக்டர். அவள் நடத்துவது என்னவோ தையல் கடைதான். ஆனால் எங்கள் குடும்பம் வெளியூர் கிளம்பினால் யார் எங்கே உட்காருவது, யார் எங்கே படுப்பது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். எனக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரே உத்தரவு: ஆம்பளைங்க எல்லாம் ஒரு ரூம், பொம்பளைங்க எல்லாம் ஒரு ரூம். மலைக்குப் போனாலும் அதே, கடற்கரைக்குப் போனாலும் அதே. அவளோடும் ஓரகத்தியோடும் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் என் புருஷனும் அவருடைய அண்ணனும் விடும் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளைக் கரித்துக்கொட்டாமல் வெளியூரில் நான் தூங்கியதே கிடையாது.

என் புருஷன் கணக்கு வாத்தியார். சாயங்காலமானால் கூடம் முழுக்க ட்யூஷன் பிள்ளைகள். நான் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். பாதி நாள் இரவு வேலை. விளக்கை அணைத்த பிறகு நான் ஏதாவது ஆரம்பித்தால், "நாளைக்குப் பேசலாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்தாவது வருஷம், எல்லாரும் கப்பலில் போகலாம் என்று அவர் அண்ணன் சொன்னபோதே நான் முடிவு கட்டிவிட்டேன். எனக்கு நீச்சல் குளம் வேண்டாம், ஆட்டம் பாட்டம் வேண்டாம். சாத்துவதற்கு ஒரு கதவு வேண்டும். உள்ளே நானும் அவரும் மட்டும். ஒரு வாரம் வாய் வலிக்கப் பேசவேண்டும்.

யாரை எந்தக் கட்டிலில் போடுவது என்பதுதான் என் பிழைப்பே. நோயாளியிடம் "அங்கே போய்ப் படு" என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். "அந்தக் கட்டிலுக்குக் காத்து நல்லா வருது" என்றால் தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு போவார். கலெக்டரையும் அப்படித்தான் நகர்த்த வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் ஓரகத்தி. நடுக்கடலில் கப்பல் எப்படிப் புரளும், குடல் எப்படி வாய்க்கு வரும் என்று ஒரு வாரமாகப் போனில் சொல்லிச் சொல்லி அவளைத் தயார் செய்து வைத்தேன். பாவம், வாயில்லாப் பூச்சி. ஆனால் போர் என்று வந்தால் பாவம் பார்க்க முடியுமா?

கப்பல் ஏஜென்சி ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. ஒரே அறை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு மூலையில் வாளி. மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கப்பல், அதன் மேல்தளத்தில் செத்துக் கிடந்த ஈ. இருந்த நாற்காலிகளில் சாய்மானம் உள்ளதைக் கலெக்டர் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஸ்டூல்.

"படத்தைப் பார்த்து மயங்காதீங்க. படத்துல எல்லாக் கப்பலும் அழகாத்தான் இருக்கும்" என்றாள் ஏஜென்சிப் பெண். "எது இல்லேன்னா இந்தப் பயணமே வீண்னு தோணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. அதுக்கு ஏத்த கப்பலை நான் காட்டறேன்."

"சாப்பாடு" என்றார் அண்ணன். டயர் கடை வைத்திருப்பவர், தொப்பையும் ஏறக்குறைய டயர்தான். "எந்நேரம் போனாலும் தட்டுல ஏதாவது விழணும்."

"எனக்கு வாந்தி வரக்கூடாது" என்றாள் ஓரகத்தி. சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"பாத்ரூம்" என்றாள் கலெக்டர். "நான் உள்ள இருக்கும்போது எவளும் வெளியில நின்னு கதவைத் தட்டக்கூடாது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டுவது உண்மைதான். உள்ளே போனால் ஒரு ஜாக்கெட்டைத் தைத்து முடித்துவிட்டு வருகிற மாதிரி வருவாள்.

என் புருஷன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதுவா இருந்தாலும் சரிம்மா."

"எனக்கு ஒரு பால்கனி இருந்தா போதும்" என்றேன் நான். பச்சைப் பொய்.

அந்தப் பெண் முதலில் காட்டியது ஒரு பெரிய கப்பல். அடுக்குமாடிக் குடியிருப்பைத் தண்ணீரில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. "இதுல குடும்ப அறை இருக்கு. அஞ்சு பேரும் ஒண்ணாவே இருக்கலாம். சுவத்துலேர்ந்து கட்டில் இறங்கும்."

"அந்த அறைக்கு பாத்ரூம் எத்தனை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் மேடம்."

கலெக்டர் படத்தைத் தள்ளிவிட்டாள்.

அடுத்தது ஆற்றில் போகிற சின்னக் கப்பல். ஆட்டமே தெரியாதாம். வேளாவேளைக்குச் சாப்பாடு, நடுவில் கேட்டாலும் கிடைக்குமாம். "ஆனா இதுல எல்லாமே ரெண்டு பேர் அறைதான். ஒவ்வொண்ணுக்கும் தனி பாத்ரூம், தனி பால்கனி" என்றாள். இதை நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

நான் வாளியைப் பார்த்துக்கொண்டே, ஏதோ தற்செயலாகத் தோன்றியது போலச் சொன்னேன். "அண்ணனும் அக்காவும் ஜோடியா ஒண்ணுல. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுல. அண்ணிக்கு ஒரு அறை முழுசா வருது."

"பாத்ரூம் எனக்கு மட்டும்தானா?" என்றாள் கலெக்டர்.

"உங்களுக்கு மட்டும்தான் அண்ணி."

"அப்ப இதையே போடும்மா. இனிமே என்ன பேச்சு?"

இவ்வளவுதானா? இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு பாத்ரூமில் முடிந்துவிட்டதா? எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. அப்போதுதான் என் புருஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"இல்ல... எப்பவும்போல ஆம்பளைங்க ஒண்ணா இருந்துக்கறோமே. அண்ணனுக்கு ராத்திரி மாத்திரை எடுத்துக் குடுக்கணும். அக்காவும் இவளும் ஒரு அறையில இருக்கட்டும். அக்காவுக்குத் தனியா படுக்க பயம்."

"எனக்கு ஏதுடா ராத்திரி மாத்திரை?" என்றார் அண்ணன்.

கலெக்டர் நாற்காலியைத் திருப்பினாள். "யாருக்குடா பயம்? அவசர ஆர்டர் வந்தா கடையிலேயே தனியா படுத்துக் கிடக்கிறவ நான். ஒவ்வொரு தடவையும் இவளை என் தலையில கட்டிட்டு நீ நல்லபிள்ளையா இருக்கே. இவ பார்க்கிற பார்வையில நான் இன்னும் எரிஞ்சு சாம்பலாகாம இருக்கேனே, அதுவே பெரிசு."

"அக்கா, விடு. இங்க வேண்டாம்."

"எதை விடறது? கல்யாணமாகி முதல்ல போன டூர்ல, லாட்ஜ் வாசல்ல நிக்க வச்சு என்ன சொன்னே? 'பொம்பளைங்க எல்லாம் ஒரு ரூம்னு நீயே சொல்லிடுக்கா, அவ விடிய விடிய பேசறா, போற இடத்துலயாவது என் காதுக்கு ஓய்வு வேணும்'னு சொன்னியா இல்லையா? வருஷா வருஷம் கிளம்பறதுக்கு முன்னாடி வந்து ஞாபகப்படுத்தினியா இல்லையா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஓரகத்தி புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அது அப்ப ஏதோ விளையாட்டுக்கு..." என்று இழுத்தார்.

"என்னை விட்டுடுப்பா. நான் என் பொண்டாட்டிகூடவே இருந்துக்கறேன்" என்றார் அண்ணன்.

அந்த முதல் டூருக்கு முன்னால் நான் விடிய விடிய என்ன பேசினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. உங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, என் சமையலில் என்ன குறை என்று அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். புதுப்பெண் வேறு என்ன பேசுவாள்? இத்தனை வருஷமும் தப்பான ஆளை வெறுத்திருக்கிறேன். அதற்காகக் கலெக்டர்மேல் பாசம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவள்தானே அவளும். இன்றைக்குத் திறந்ததுகூட ஒரு பாத்ரூமுக்காக.

ஏஜென்சிப் பெண் கம்ப்யூட்டரில் கை வைத்தபடி தயங்கினாள். "அப்ப மேடம் சொன்ன மாதிரியே ரெண்டு ஜோடி அறை, ஒரு தனி அறை. சரிதானே?"

நான் ஆசைப்பட்டது அப்படியே என் முன்னால் இருந்தது. ஒரு கதவு, உள்ளே நானும் அவரும். ஆனால் அதற்குள் போய் இனி யாரிடம் பேசுவது? அழுகைதான் வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

"ரெண்டு தனி அறை போடும்மா" என்றேன். "ஒண்ணு அண்ணிக்கு. ஒண்ணு எனக்கு."

"ஒருத்தர் மட்டும் இருந்தாலும் ரெண்டு பேர் கட்டணம் ஆகும் மேடம்."

"பழக்கம்தான். போடு."

"சாருக்கு?"

"அவர்தான் எதுவா இருந்தாலும் சரின்னு சொன்னாரே. எதையாவது குடும்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல அக்காவைப் பார்த்தார், தனக்காக அவள் ஏதாவது சொல்லுவாள் என்று. கலெக்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பொம்மைக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.