ஆறு வருடம் பறந்த பந்து

ஒன்பதாவது குழியை நோக்கி ரசமட்டம் அடித்த பந்து தரையைத் தொட ஆறு வருடமும் நாற்பத்தொரு நாளும் பிடித்தன. அதற்குள் ஊரில் மூன்று நகராட்சித் தலைவர்கள் மாறிவிட்டார்கள், பேருந்து நிலையத்துக்குக் கூரை வந்துவிட்டது, ரசமட்டத்தின் மகள் பள்ளிக்கூடம் முடித்துப் பல் வைத்தியம் படிக்கப் போய்விட்டாள். பந்து மட்டும் ஏரிக்கு மேலே, யாருக்கும் எதற்கும் அவசரப்படாமல், நாளொன்றுக்கு இரண்டு விரற்கடை வீதம் வந்துகொண்டிருந்தது.

மலையும் ஏரியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும் அந்தப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கி ஆடக்கூடிய பொதுக் கோல்ஃப் மைதானங்கள் ஏழு இருந்தன. நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் அவற்றைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு கையேடு போடுவார். செங்குத்துப் பாறையின் மேல் இருந்த மைதானத்தில் பந்து எங்கே போக வேண்டும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும் என்று அதில் எழுதியிருந்தார். ஊசியிலைக் காட்டுக்குள் இருந்ததில் ஆடுவதைவிடத் தேடுவது அதிகம். இன்னொன்றில் ஆட்டத்தின் நடுவே தோணி ஏறி ஆற்றைக் கடக்க வேண்டும். இப்படி ஆறு மைதானங்களுக்கும் தலா இரண்டு பக்கம் கொடுத்துவிட்டு, ஏழாவதான இந்த ஊர் மைதானத்துக்கு மட்டும் ஒற்றை வரி போட்டிருந்தார்: ஒன்பதே குழிகள், உட்கார இடமில்லை.

அந்த வரியைப் படித்து வருத்தப்படாத ஒரே ஆள், அங்கே புல் வெட்டுகிறவள்தான். உட்காருவதற்கா வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு தரை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை வெறுங்காலோடு நின்று சொல்லிவிடுவாள் அவள். ஒருமுறை பக்கத்து வீட்டில் புதுச் சமையலறையைப் பார்க்கப் போனவள், தரை கிழக்கே சாய்கிறதே என்றாள். கொத்தனாருக்குக் கோபம் வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிக் காட்டினார். தண்ணீர் நேராகக் கிழக்கே ஓடியது. அன்று விழுந்த பெயர்தான் ரசமட்டம், கொத்தனார் தரை மட்டம் பார்க்கும் கருவியின் பெயர். கட்டின கணவரே அப்புறம் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர், எதையும் இரண்டாவது தரம் கேட்காத மனுஷன். அவளுடைய தங்கை மைதானத்தின் வாசலில் சீட்டுக் கொடுத்தாள். மகளையும் சேர்த்து நான்கு பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள்.

ஏரிக்கரை ஹோட்டல்காரர் மைதானத்தைக் கேட்டது அப்போதுதான். வேலி போட்டு, தன் விருந்தாளிகள் மட்டும் ஆடும்படி வைத்துக்கொள்வது அவர் திட்டம். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, நன்றாக ஆடுவார், புல்லை மதிப்பார். மைதானம் நகராட்சியுடையது, அதன் தலைவர் சம்மதித்துவிட்டார். அதைச் சொல்ல ஊரை ஒன்பதாவது குழிக்கான மேட்டில் கூட்டினார். அங்கிருந்து பார்த்தால் நடுவில் ஏரியின் ஒரு கை, அக்கரையில் ஒட்ட வெட்டின புல்தரை, அதன் நடுவில் குழி, குழியில் கொடி. அந்தப் புல்தரையைத்தான் ஆட்டக்காரர்கள் கிரீன் என்பார்கள். மேட்டிலிருந்து கொடி நூற்றைம்பது தப்படி தூரம் இருக்கும். முடிதிருத்துபவரும் பள்ளி ஆசிரியையும் பேருந்து ஓட்டுநரும், இனிமேல் தாங்கள் ஆட முடியாதா என்று மெல்லக் கேட்டார்கள். தலைவர் அதற்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ரசமட்டம், கூடாது என்றாள்.

புல் வெட்டுகிறவளுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று தலைவர் சிரித்தார். இருபது வருடமாக, கடைசி ஆள் போன பிறகு, தினமும் சாயங்காலம் இந்த ஒரு குழியை மட்டும் ஆடிவருவதாக அவள் சொன்னாள். கூட்டம் இருக்கும் தைரியத்தில் தலைவருக்கு வாய் நீண்டது.

"அப்படின்னா ஒண்ணு செய்மா. இங்கேருந்து ஒரே அடி. உள்ள போட்டுட்டா மைதானம் ஊருக்கே. நான் ஒப்பந்தக் காகிதத்தக் கிழிச்சிடறேன்."

"எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.

நகராட்சி எழுத்தர் காதில் விழுந்ததை எழுதாமல் விட்டதே இல்லை. எழுதினார். பந்து ஓய்ந்து நிற்கும் வரை மைதானம் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை, கிரீனில் வழக்கமாகப் புல் வெட்டுவதும் தண்ணீர் விடுவதும் தவிர யாரும் எதையும் மாற்றுவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். தலைவர் கையெழுத்துப் போட்டார். ரசமட்டம் செருப்பைக் கழற்றினாள். யாரோ நீட்டிய மட்டையை வாங்கி, ஒருமுறை கொடியைப் பார்த்து, அடித்தாள்.

பந்து நல்ல உயரம் போயிற்று. ஏரியின் நடுவுக்கு நேர் மேலே வந்ததும் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு நின்றது போல இருந்தது. ஜனங்கள் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் இருந்தது. நின்றுவிட்டது, ஆட்டம் முடிந்தது என்றார் தலைவர். எழுத்தர் மட்டும் கரையில் ஒரு குச்சியை நட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவர் எழுந்து, பந்து ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது, ஆகவே இன்னும் ஓயவில்லை என்று அறிவித்தார். சட்டப்படி அதற்குமேல் பேச எதுவும் இல்லை.

ஊர் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டது. பந்து பறந்துகொண்டே சுழன்றது, காது கொடுத்துக் கேட்டால் தூரத்தில் தையல் மிஷின் ஓடுவது போல ஒரு சத்தம் வரும். மழை அதன் மேல் படாமல் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. ஒரு காக்கை அதன் மேல் உட்கார்ந்து தலை சுற்றிக் கீழே விழப் பார்த்து, அதிலிருந்து அந்தப் பக்கமே வருவதில்லை. ஹோட்டல்காரரின் வக்கீல் மூன்று முறை வழக்குப் போட்டார். மூன்று முறையும் எழுத்தர் தன் குச்சிகளோடு போய் நின்று ஜெயித்தார். கையேட்டு அம்மாள் வந்து, அரை நாள் நின்று பார்த்து, அடுத்த பதிப்பில் இந்த மைதானத்துக்கு மூன்று பக்கம் கொடுத்தார். ஒன்பதாவது குழியில் தாழ்வாக அடிக்கவும், மேலே இருக்கும் பந்தின் மேல் படுமாறு அடித்தால் ஓர் அடி தண்டம் என்று அதில் கண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். உட்கார இரண்டு பெஞ்சு போட்டார்கள். ரசமட்டம் வழக்கம்போல விடிந்ததும் புல் வெட்டினாள். யாராவது, அது உள்ளே போகுமா என்று கேட்டால், போகும், அவசரம் என்ன என்பாள்.

மூன்றாவது வருடம் சிக்கல் வந்தது. பந்து வரும் தடத்தை எழுத்தர் கயிறு கட்டிப் பார்த்தார். அது கொடிக்கு நேராக வரவில்லை. குழிக்கு இடப்பக்கம் மூன்று முழம் தள்ளி விழும். எழுத்தர் அதை வருத்தத்தோடு, ஆனால் மறைக்காமல், அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஹோட்டல்காரர் வேலிக்கம்பி வாங்கி இறக்கினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இருபது வருஷ ஆட்டமாம் என்று சிரித்தார்கள். தங்கைக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"அக்கா, மூணு முழம் இடது பக்கம் போகுது. உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. நான் அங்கதானே அடிச்சேன்."

தங்கை அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டாள். கிரீன் இடமிருந்து வலமாகச் சாய்கிறது, இடப்பக்கம் விழுந்தால்தான் வளைந்து குழிக்கு வரும் என்று அக்கா விளக்கியிருக்கலாம். தங்கைக்கு அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவளாகத் தெரிந்தாள், அக்காவுக்கோ அது விளக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை. தங்கை அந்த மாதமே சீட்டுக் கொடுக்கும் வேலையை விட்டு ஹோட்டலின் வரவேற்பு மேஜைக்குப் போனாள். வீட்டில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். உப்பு வேண்டும் என்பதைக்கூடக் கணவர்தான் ஒரு பக்கத்திலிருந்து வாங்கி மறு பக்கத்தில் சேர்த்தார். ஆபீசிலும் பட்டுவாடா, வீட்டிலும் பட்டுவாடா என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னதாகப் பேச்சு.

ஐந்தாவது வருடம் மழை அளவுக்கு மீறிப் பெய்தது. வடிந்த பிறகு ரசமட்டம் வெறுங்காலோடு ஒன்பதாவது கிரீனில் ஏறினாள், ஏறிய இடத்திலேயே நின்றாள். ஏரி வளைந்து வந்து ஒட்டும் வலப்பக்கம் மண் உள்வாங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரிந்தது. குப்புறப் படுத்துக் கன்னத்தைப் புல்லில் வைத்துப் பார்த்தாள். சந்தேகமில்லை. பந்து இடப்பக்கம் விழும், வளையும், குழியைத் தாண்டி வேகமெடுத்து ஏரிக்குள் போகும். அவள் அடித்த அடியில் தப்பில்லை. தரை மாறிவிட்டது. மண்ணைக் கொட்டி நிரவலாம் என்றால் கையெழுத்திட்ட பேச்சு குறுக்கே நின்றது. அன்றைக்கு முதல் முறையாக அவள் புல் வெட்டாமல் வீட்டுக்குப் போனாள். அடுப்படியில் உட்கார்ந்து, கணவரிடம் மட்டும், பந்து போகாது போலிருக்கிறது என்றாள். அவர் இரண்டாவது தரம் கேட்டார். வாழ்க்கையிலேயே அப்போதுதான்.

அந்தக் கேள்விதான் அவளை எழுப்பிவிட்டது என்று சொல்ல வேண்டும். மறுநாள் எழுத்தரிடம் போய், வழக்கமாகப் புல் வெட்டலாம் என்று எழுதினீர்களே, எந்தத் திசையில் என்று எழுதினீர்களா என்று கேட்டாள். எழுத்தர் கோப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார்.

"வெட்டணும்னு இருக்கு. எந்தப் பக்கமா வெட்டணும்னு இல்லை."

புல்லும் தலைமுடி மாதிரிதான், ஒரே பக்கமாக வாரினால் அந்தப் பக்கம் படியும். இதுவரை அவள் போக ஒரு வரிசை வர ஒரு வரிசை என்று வெட்டிவந்தாள். இனி ஏரிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி மட்டும் வெட்டினால், புல்நுனி எல்லாம் சரிவின் மேல்பக்கம் பார்த்துப் படியும். இறங்கி வரும் பந்தை ஒவ்வொரு நுனியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து நிறுத்தும். ஒரு வருடம் விடாமல் வெட்ட வேண்டும். சரிவில் மேல்நோக்கி இயந்திரத்தைத் தள்ளி, கிரீனைச் சுற்றி வெளியே இழுத்துக்கொண்டு இறங்கி, மறுபடி தள்ள வேண்டும். அந்தக் கை இயந்திரம் இரண்டு ஆள் பாரம். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

ஹோட்டலின் வரவேற்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒன்பதாவது கிரீன் தெரியும். முதல் நாள் அக்கா பாதிச் சரிவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தங்கை பார்த்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் ஹோட்டல் சீருடையோடும் பளபளக்கும் செருப்போடும் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இயந்திரத்தின் பிடியில் கை வைத்தாள்.

"தள்ளு" என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அன்று முதல் இருவரும் தள்ளினார்கள். இரண்டாம் வாரம் ஹோட்டல்காரர் கரையில் வந்து நின்றார். ஆடத் தெரிந்தவர், என்ன நடக்கிறது என்று ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். தன்னிடம் சம்பளம் வாங்குகிறவள் தனக்கு எதிராகத் தள்ளுகிறாள் என்பதும் தெரிந்தது. வக்கீல் மனு எழுதிக்கொண்டு வந்து, ஒரு கையெழுத்துப் போட்டால் வெட்டுவதை நிறுத்திவிடலாம் என்றார். ஹோட்டல்காரர் பேனாவை வாங்கவில்லை.

"நாப்பது வருஷமா ஆடறேன். இப்படி ஒரு அடிய நான் பாத்ததில்ல. அது எங்க போய் நிக்குதுன்னு எனக்குத் தெரியணும்யா."

கடைசி நாள் ஊரே கரையில் இருந்தது. கையேட்டு அம்மாள் மடக்கு நாற்காலியோடு வந்தார். பந்து புல்லுக்கு ஒரு முழம் மேலே வந்துவிட்டிருந்தது, காலையிலிருந்து சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. எழுத்தரின் கணக்கு பகல் பன்னிரண்டு என்றது. பதினொன்றே முக்காலுக்கு, யாரும் எதிர்பாராமல், ஆறு வருடத்துச் சோம்பலை உதறிவிட்டு அது மற்றப் பந்துகளைப் போலவே விழுந்தது. பாதிப் பேர் டீ வாங்கத் திரும்பியிருந்தார்கள். அப்போதைய தலைவர் தும்மிக்கொண்டிருந்தார். பந்து இடப்பக்கம் ஒருமுறை குதித்தது, இறங்கியது, வளைந்தது, வேகமெடுக்கப் பார்த்தது. புல் பிடித்தது. குழியின் விளிம்பில் தயங்கிச் சுற்றிவந்து உள்ளே போயிற்று. எல்லாம் சேர்த்து நான்கு விநாடி. ரசமட்டம் தரையில் உட்கார்ந்தாள். தங்கை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். முதலில் கை தட்டியவர் ஹோட்டல்காரர். எழுத்தர், பந்து ஓய்ந்தது, குழிக்குள், என்று எழுதி நேரம் போட்டார். தும்மி முடித்த தலைவர் பழைய காகிதத்தை வாங்கிக் கிழித்தார்.

அந்தப் பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று எழுத்தர் ஆசைப்பட்டார். ரசமட்டம் சம்மதிக்கவில்லை. அது ஊர்ப் பந்து, ஆடத்தான் இருக்கிறது என்று சொல்லி, குழாயடியில் கழுவித் துடைத்து, வாடகைப் பந்துகள் கிடக்கும் கூடையில் போட்டாள். போட்ட பிறகு எது அந்தப் பந்து என்று அவளுக்கே தெரியாது. அடுத்த வாரம் வெளியூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் கூடையிலிருந்து நாலு பந்து எடுத்துப் போய், ஒன்பதாவது மேட்டிலிருந்து ஒன்றை நேராக ஏரிக்குள் அடித்தார்கள். மனைவி சங்கடத்தோடு சீட்டு ஜன்னலுக்கு வந்து, பந்து தொலைந்துவிட்டது என்றாள். மறுபடியும் அங்கே வேலைக்கு வந்துவிட்ட தங்கை, பரவாயில்லை என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள்.