குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த குதிரைப் படம்

கந்தவேலுக்கு ஒரு மேல்மாடி வேண்டியிருந்தது. பல்லடம் ரோட்டில் இருக்கும் பனியன் கம்பெனியின் மேல்மாடி. கம்பெனி மாமனார் சாமியப்பனுடையது. மாடிக்கு ஏறும் படிக்கட்டும் அவருடையது, படிக்கட்டில் எரியும் பல்பும் அவருடையது. சரியாகச் சொல்லப்போனால் கந்தவேல் போட்டிருந்த சட்டையே ஏற்றுமதியில் திரும்பி வந்த சரக்குதான்.

தாராபுரத்துப் பக்கத்துப் பையன். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். கம்பெனியில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டால், அங்கே இருபது வருசம் இருந்தவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். எல்லாரும் 'மாப்ளை சார்' என்று கூப்பிடுவார்கள். அதுவே பதவி, அதுவே சம்பளம். ஆனால் பேஸ்புக்கில் அவன் வேறு ஆள். அங்கே அவன் விமர்சகன். ஒரு படத்தில் ஒருவன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினால், தொப்பியை விட்டுவிட்டு ஆணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவான். அதற்கு நான்கு சாயப்பட்டறைக்காரர்களும் ஒரு பட்டன் வியாபாரியும் கைதட்டும் பொம்மை போடுவார்கள்.

அந்த மாடியில் ஒரு திரைப்படக் கழகம் ஆரம்பிக்க வேண்டும், வாசலில் 'கந்தவேல் திரைக்கூடம்' என்று பலகை மாட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த வளாகத்தில் அவன் பெயர் எழுதிய ஒரு பொருள்கூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் ஆசையில் தப்பொன்றும் இல்லை.

சாமியப்பன் முகத்தைச் சுளிக்கவில்லை. அவர் யாருக்கும் முகம் சுளிக்கிறவர் அல்ல.

"படம் பார்க்கறதுக்கு ஒரு மாடியுங்களா மாப்ளே? சரி, போடுங்க. மொதல்ல நம்ம குடும்பத்துக்கு ஒண்ணு போட்டுக் காட்டுங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க, நோம்பிக்கு வர்ற சனம் மாதிரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கோணும். கடைசி வரைக்கும் ஒருத்தரும் சங்கடப்பட்டு எந்திரிச்சுப் போகப்படாது. அப்படி முடிஞ்சா மாடி உங்களுது. பாதியில ஒருத்தர் எந்திரிச்சாலும் மறுநா அங்க துணி வேஸ்ட் மூட்டையை ஏத்திருவேனுங்க."

கந்தவேல் ஒரு வாரம் யோசித்து, பழைய பாணிக் குதிரைப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பாலைவனம், தொப்பி, துப்பாக்கி, மாட்டு மந்தை. நல்லவன் ஒற்றைக் குதிரையில் வருவான், கெட்டவன் கறுப்புத் தொப்பி போட்டிருப்பான். பாட்டு இல்லை, காதலும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி எறிந்தான். முத்தம் போயிற்று. சாராயக் கடையும், அதில் பாவாடையைத் தூக்கி ஆடுகிற பெண்களும் போயினர். குடிக்கிற இடமெல்லாம் போனதில், ஒரு கதாபாத்திரமே அடியோடு காணாமல் போனார். மிஞ்சியது நிலம், அதில் ஒரு கம்பி வேலி, வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று முறைக்கும் ஆண்கள். இதைவிடச் சுத்தமான குடும்பப் படம் இருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

"என்ன கதைங்க?" என்று மனைவி சத்யப்பிரியா கேட்டாள்.

"கதையை விடு. கதைங்கறது ஒரு சாக்கு. வெளிதான் முக்கியம்."

"வெளின்னா?"

"அதெல்லாம் பாத்தாத் தெரியும். குடும்ப குரூப்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

சத்யப்பிரியா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சித்தப்பா ஊட்டுக்குமா?"

"அவங்களும் குடும்பந்தானே?"

குடும்பம்தான். சாமியப்பனின் ஒரே தம்பி சுப்பண்ணன். பொங்கலூரில் அண்ணன் தோட்டத்துக்குப் பின்னால்தான் தம்பியின் தென்னந்தோப்பு. தோப்புக்குப் போகிற வண்டித்தடம் அண்ணன் தோட்டத்து ஓரமாகப் போகும். அந்தத் தடத்தின் வாயில் சாமியப்பன் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். தேங்காய் வண்டி நின்றுபோய், ஆட்கள் மட்டும் வரப்பில் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். வழக்கு கோர்ட்டில் இருந்தது. இதெல்லாம் அந்த வீட்டில் சோற்றோடு சோறாகப் பேசப்படுகிற விஷயம். கந்தவேல் மட்டும் அந்த நேரங்களில் காதில் இயர்போனோடு ஏதாவது ஒரு ஐரோப்பிய நாட்டில் இருப்பான்.

சுப்பண்ணன் வர மாட்டார் என்று நினைத்தால் அந்தப் பக்கத்துச் சனத்தைத் தெரியாது என்று அர்த்தம். அங்கே பங்காளிகளுக்குள் பகை முற்றினால் 'ங்க' இன்னும் இரண்டு கூடும். அழைத்த இடத்துக்குப் போகாதவன்தான் தோற்றவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் ஆளாக வந்து இறங்கியது சுப்பண்ணன்தான். கூடவே மனைவி மயிலாத்தாள், பட்டுப்புடவையில்.

"வாங்க, வாங்க" என்றார் சாமியப்பன்.

"வந்துட்டமுங்ணா. நல்லாருக்கீங்களா?"

"எளநி நாலு கொண்டாரலாம்னுதான் பாத்தேனுங்க பெரிய மாமா" என்றாள் மயிலாத்தாள், முகமெல்லாம் சிரிப்பாக. "தோப்புக்கு வண்டி போறதில்லீங்களே. தலைச்சுமையில எத்தனைதான் கொண்டாறது?"

"அதனாலென்னங்க. நீங்க வந்ததே சந்தோசம். காப்பி சாப்புடுங்க."

மாடியில் வெள்ளைப் பனியன் துணியைத் தைத்துத் திரையாகக் கட்டியிருந்தார் அந்தோணிராஜ். கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பனியன் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வருகிறதே, அதனால் குதிரைகள் கொஞ்சம் பசுமாட்டுச் சாயலில் ஓடின. முன்வரிசையில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும். பின்னால் கம்பெனி ஆட்கள்.

கந்தவேல் மைக்கைப் பிடித்தான். படம் ஆங்கிலம், வசனங்களை அவனே உடனுக்குடன் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. புத்தகத் தமிழில் சொன்னால் உயிர் இருக்காது, மண்ணின் மொழியில் சொல்ல வேண்டும் என்பது அவன் கொள்கை. எந்த மண் என்று யோசிக்கவில்லை. காலடியில் இருந்த மண்ணையே எடுத்துக்கொண்டான்.

படத்தில் கறுப்புத் தொப்பிக்காரர், வாயில் சுருட்டும் இடுப்பில் துப்பாக்கியுமாக, ஒரு ஏழை விவசாயியின் வண்டியை மறித்தார். ஆற்றுக்குப் போகிற தடத்தில் புதிதாகக் கட்டிய முள்கம்பி பின்னால் மின்னியது. அவர் என்னவோ உறுமினார். கந்தவேல் அதைத் தமிழாக்கினான்:

"ஏனுங்க தம்பி, இத்தனை நாள் இந்தத் தடத்துல போனீங்க, நானும் ஒண்ணும் சொல்லலீங்க. இனிமே வேண்டாமுங்க. சுத்திப் போயிக்குங்க."

மாடியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். பொங்கலூரில் கம்பி கட்டிய அன்றைக்குச் சாமியப்பன் தம்பியிடம் சொன்னதும் இதையேதான், ஒரு 'ங்க' கூடவோ குறையவோ இல்லாமல். கந்தவேல் திரும்பிப் பார்த்தான். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு கவனம். வெளியின் சக்தி, என்று நினைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் யாரும் செல்போனை எடுக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் விவசாயியின் கன்றுக்குட்டி செத்தபோது, "அய்யோ பாவமுங்க, வாயில்லாத சீவன்" என்று மயிலாத்தாள் காய்ந்த கண்ணைப் பட்டு முந்தானையால் துடைத்தாள். சுப்பண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, கோவிலில் நிற்பவர்போல அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

சாமியப்பனுக்குச் சர்க்கரை. எங்கே போனாலும் அரைமணிக்கொரு தரம் எழுந்து போகிறவர். அன்றைக்கு எழவில்லை. ஒருமுறை நாற்காலிக் கையைப் பிடித்து லேசாக எழும்பினார். மயிலாத்தாள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். யாரும் எழக்கூடாது என்று சொன்னதும் அவர்தானே.

கடைசியில் ஒற்றைக் குதிரைக்காரன் வந்தான். பின்வரிசையில் அந்தோணிராஜ், "வந்துட்டாம்ல! போடு அவன!" என்று கத்தி, விரலை மடித்து விசிலடித்தார். முதலாளி திரும்பிப் பார்த்தார். விசில் பாதியில் காற்றாகிப் போனது.

துப்பாக்கி வெடித்தது. கறுப்புத் தொப்பிக்காரர் தன் முள்கம்பியின் மேலேயே விழுந்தார். ஆங்கிலத்தில் அவர் வெறுமனே முனகத்தான் செய்தார். ஆனால் கந்தவேலுக்குள் இருந்த கலைஞன் சும்மா இருக்கவில்லை. தழுதழுத்த குரலில் மைக்கில் சொன்னான்: "வேலி போட்டதும் நானுங்க. அதுல மாட்டிக்கிட்டதும் நானுங்க."

விளக்குப் போட்டார்கள். ஒருவரும் எழவில்லை. பந்தயத்தில் ஜெயித்த பூரிப்பில், "படத்தைப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொல்லலாமுங்க" என்றான் கந்தவேல்.

சாமியப்பன் தொண்டையைச் செருமினார். "நல்ல படமுங்க. ஒரே ஒரு கொறை. அந்த நெலத்துப் பத்திரம் யாரு பேர்ல இருந்துதுன்னு காட்டவே இல்லையே?"

"பத்திரம் அவரு பேர்லயே இருக்கட்டுமுங்ணா" என்றார் சுப்பண்ணன், திரையைப் பார்த்தபடியே. "தடம் அவங்கய்யன் காலத்துல இருந்தே இருக்குதுங்களே."

"இருந்துதுன்னு படத்துல யாருங்க சொன்னா?"

"சொல்லலீங்க. மண்ணப் பாத்தாலே தெரியுதுங்களே. சக்கரம் பதிஞ்சு பள்ளமாக் கெடக்குது."

"அது சூட்டிங்குக்காகப் போட்ட பள்ளமா இருக்குமுங்க."

கந்தவேலுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருசம் எழுதியிருக்கிறான்; ஒரு பார்வையாளனாவது மண்ணைக் கவனித்ததாகச் சொன்னதில்லை. இங்கே இரண்டு விவசாயிகள் சக்கரத்தடத்தைப் பற்றி வாதம் செய்கிறார்கள். அதுவும் எவ்வளவு மரியாதையாக!

"மாப்ளே, நாங்க பேசி என்னத்துக்காகுது?" என்றாள் மயிலாத்தாள். "நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. நாயம் யாரு பக்கமுங்க? நீங்களே சொல்லிப்போடுங்க."

மூலையில் நின்ற சத்யப்பிரியா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சுருக்கமாகப் பேசச் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அதனால் நேரே தீர்ப்புக்கே போனான்.

"வேலி போடறவன் பலசாலின்னு தோணுமுங்க. அப்படியில்லீங்க. பயந்தவன்தான் வேலி போடுவான். அந்தக் கறுப்புத் தொப்பிக்காரர் உள்ளுக்குள்ள ஒரு கோழைங்க. கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்க வேண்டிய சனத்தைப் பாத்தே பயப்படற கோழை."

சத்யப்பிரியா வந்து அவன் கையிலிருந்த மைக்கை அணைத்து, காதோரம் சொன்னாள்: "பொங்கலூரு வேலி. எங்கப்பா. சித்தப்பா. இப்பவாவது மண்டையில ஏறுச்சுங்களா?"

ஏறியது. தோட்டத்து வாயில் அந்தக் கல்லுக்கால். அதன்மேல் சாய்ந்து நின்று, தூரத்தை வெறித்தபடி எடுத்த படத்தைத்தான் அவன் பேஸ்புக்கில் முகப்பாக வைத்திருந்தான். "இன்னொரு கோணத்துல பாத்தா..." என்று ஆரம்பித்தான். மைக் அணைந்திருந்தது. எல்லாரும் அவனை விட்டுவிட்டு மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாமியப்பன் கணக்குத் தெரிந்தவர். மாடி இல்லை என்று சொன்னால், விடிவதற்குள் பொங்கலூரிலிருந்து அவிநாசிபாளையம் வரைக்கும், 'படம் அவருக்குச் சுட்டுப்போச்சாம்' என்று பேச்சாகிவிடும். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பல்லெல்லாம் தெரிந்தது, கண் மட்டும் சேரவில்லை.

"நல்லாச் சொன்னீங்க மாப்ளே. ஒருத்தரும் எந்திரிக்கல பாருங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான். மாடி உங்களுது."

"அண்ணன் மனசு யாருக்கு வருமுங்க!" என்றார் சுப்பண்ணன். எல்லாரும் கைதட்டினார்கள்.

"அப்ப அடுத்த மாசமும் இதே படத்தைப் போடுங்க மாப்ளே" என்றாள் மயிலாத்தாள். "எங்கண்ணன் ஊட்டுல ஒருத்தரும் பாக்கல. வக்கீலையும் கூட்டியாறமுங்க, பாவம், அவரும் படமே பாக்கறதில்ல."

கந்தவேல் மாமனாரைப் பார்த்தான். மாமனார் கூரையைப் பார்த்தார். திரைக்கூடத்தின் நிறுவனராக அவன் எடுக்க வேண்டிய முதல் முடிவு.

"இந்த மாதிரிப் படமெல்லாம் ஒருக்காப் பாத்தாப் போதுமுங்க சின்னத்தை."

"அப்படீங்களா? நல்ல படத்தை ஒருக்காப் பாத்தா பாக்காத மாதிரின்னு போன தையில எழுதியிருந்தீங்களே. உங்குளுது ஒண்ணு விடாமப் படிக்கறனுங்க."

தன் எழுத்தை ஒன்று விடாமல் படிக்கிற வாசகரை எந்த எழுத்தாளனும் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருப்பான். கந்தவேல், "அது... வேற படமுங்க" என்றான்.

சாமியப்பன் எழுந்தார். வாசலை நோக்கி வேகமாக இரண்டு எட்டு வைத்தவர், எல்லாருக்கும் கேட்கும்படி மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார்.

"அடுத்தது கடல் படமா ஒண்ணு பாத்துப் போடுங்க மாப்ளே. கப்பல், மீனு, தண்ணி. பாக்கவே குளுகுளுன்னு இருக்கும். கடல்ல தடமும் இல்ல, வேலியும் இல்ல. சண்டை சச்சரவில்லாம குடும்பத்தோட பாக்கலாம்."

"யாரு சொன்னா மொதலாளி?" திரையை அவிழ்த்துக்கொண்டிருந்த அந்தோணிராஜ் நாற்காலி மேலிருந்தே திரும்பினார். விசில் பாதியில் நின்ற குறை அவருக்கு இருந்திருக்கும். "எங்கூர்ல வந்து பாருங்க. இது எங்க தண்ணி, அது ஒங்க தண்ணின்னு அண்ணந்தம்பியே அரிவாளத் தூக்கிட்டு நிப்பானுவ. எங்க பெரியப்பாவும் எங்கப்பாவும் கடைசி வரைக்கும் பேசிக்கிடவே இல்ல. அந்த மாதிரிப் படம் ஒண்ணு எங்கிட்டக்கூட இருக்கு, நாளைக்குக் கொண்டு வரவா?"

"கொண்டாங்க, கொண்டாங்க" என்றாள் மயிலாத்தாள்.