சிறுத்தைக்குள் இருந்தவர்

மழை தொடங்கியதும் ஆடுகளத்தை மூடப் பெரிய விரிப்பை இழுத்துவந்தார்கள். அதன்மேல் குதித்தோடிய சிறுத்தை உண்மையாகவேதான் வழுக்கி விழுந்தது. வயிறு நிலத்தில் பட, கைகால்கள் நாலு திசையிலும் விரிய, சறுக்கிக்கொண்டே போய் நடுவரின் சப்பாத்தடியில் நின்றது. சிறுத்தை வேடத்துக்குள் இருந்த சாரங்கனுக்கு விலாவில் ஏதோ மளுக்கென்றது. எழும்ப முடியவில்லை. எழும்ப முடியாதவன் மானத்தோடு செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தான். கையைத் தலைக்கடியில் கொடுத்துச் சரிந்து படுத்து, போர்த்திவிடும்படி நடுவருக்குச் சைகை காட்டினான். நடுவர் நல்ல மனிதர். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் போர்த்திவிட்டார். மறுநாள் அந்தக் காணொளி இல்லாத கைத்தொலைபேசி வெள்ளவத்தையில் இல்லை. வழுக்கி விழுந்ததற்கு நாடு 'கலை' என்று பெயர் வைத்திருந்தது.

கொழும்புக் கிரிக்கெட் அணியின் சின்னம் சிறுத்தை. அந்தத் தோலுக்குள் ஒரு மனிதன் முழு ஆட்டமும் தாக்குப்பிடிக்க மாட்டான் என்பதால் இரண்டு பேரை வைத்திருந்தார்கள். முதல் இன்னிங்ஸ் கொட்டாஞ்சேனை றேமண்ட், இரண்டாவது சாரங்கன். இருவருக்கும் நாட்சம்பளம். "உள்ளுக்கு ஆள் இல்ல, வெளங்கிச்சா? அது சிறுத்த. அவ்வளவுதான்" என்று விளம்பரப் பிரிவின் தலைவர் அலவி முதல் நாளே சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் வேறொரு எச்சரிக்கை சொன்னாள். "சிறுத்தையெண்டே சொல்லு தம்பி. வாய் தவறி மற்றதைச் சொல்லிப்போடாத." புலி என்ற சொல்லைத் தொலைபேசியில் அவள் உச்சரிக்கவே மாட்டாள்.

மழை பெய்த அன்று முறை றேமண்டுடையது. ஆட்டம் தொடங்குமுன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். "மச்சான், காலையில தின்ன இறால் வடை சரியில்ல. நீ ஏறு. ஒருத்தருக்கும் சொல்லாத, தெரிஞ்சா என்னக் கழட்டிருவானுங்க." சாரங்கன் ஏறினான். நாடு சிறுத்தையிடம் மனதைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் றேமண்ட் கழிப்பறையில் இருந்தான். அன்று பின்னேரம் சாரங்கனின் விலாவுக்குத் தைலம் பூசிவிட்டவனும் அவன்தான். பூசும்போது இருவரும் சிரித்த சிரிப்பில் பாதித் தைலம் நிலத்தில் கொட்டிப்போயிற்று.

அந்தக் கிழமையே அலவி இருவரையும் கூப்பிட்டார். குளிரூட்டிய அறை. மனிதர் எழுந்து நின்றுதான் பேசினார். "விளையாட்டு எண்டா பதினொரு பேரு மட்டுமில்ல. பிசியோ, டேட்டா, டிக்கட், புல்லு வெட்டுறவன்... ஒரு இண்டஸ்ட்ரியே இரிக்கி." அந்தப் பட்டியலில் தன்னுடைய வேலை எதுவென்று அவர் சொல்லவில்லை. அலுவலகத்தில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்கவுமில்லை. ரசிகர் உறவு அலுவலர் என்று புதிதாக ஒரு பதவி போடப்போகிறார்களாம். அன்று சறுக்கிப் படுத்தவனுக்குத்தான் அது. நிரந்தரம். பிளேசர், பெயர் அடித்த அட்டை, எல்லாம் உண்டு.

தெஹிவளையில் மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் சாரங்கனிடம், "இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்பார். "விளையாட்டுத் துறையில, அப்பா" என்று மனைவி மிதுனாதான் முந்திக்கொள்வாள். அட்டை ஒன்று இருந்தால் அவள் இனி முந்த வேண்டியதில்லை.

"அண்டைக்கி மழைக்குள்ள உள்ளுக்கு இரிந்தது யாரு?"

சாரங்கன் றேமண்டைப் பார்த்தான். நான் என்றால், றேமண்ட் எங்கே இருந்தான் என்ற கேள்வி வரும். அதை அவனே அவன் பாணியில் சொல்லி ஒப்பேற்றட்டும் என்று விட்டான். நண்பனுக்கு அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டாமா?

"நான்தான் சேர்." றேமண்ட் பூசைக்குப் போனவன்போல் தலையைக் குனிந்துகொண்டான். "மொத இன்னிங்ஸ் எப்பவும் நான்தானே. சும்மா அப்பிடியே மனசுல இருந்து வந்திரிச்சு."

சாரங்கன் சிரித்தான். பகிடி முடியட்டும் என்று காத்திருந்தான். அலவி றேமண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பகிடி முடிகிற மாதிரித் தெரியவில்லை.

"சேர், அது நான். இவன் அப்ப கக்கூசுக்குள்ள. விலா இன்னும் நோகுது, பாருங்கோ."

"விலா நோகுறது உண்மதான் சேர்" என்றான் றேமண்ட், மிகுந்த இரக்கத்தோடு. "நான்தான் தைலமும் பூசினேன். அதுல ஆளுக்குக் கொஞ்சம் மனசும் சரியில்ல."

"மிஸ்டர் சாரங்கன், பொறாம டீமுக்கு நல்லதில்ல" என்றார் அலவி.

படிக்கட்டில் றேமண்ட் பின்னாலேயே வந்தான். "கோவிக்காத மச்சான். எனக்கு மூணு புள்ளைங்க. உனக்கு இன்னும் ஒண்ணுமில்ல தானே."

"இறால் வடையெண்டது உண்மையோ?"

"மாதா சத்தியமா உண்ம மச்சான்!" அந்தச் சந்தேகம்தான் அவனைப் புண்படுத்தியது போலிருந்தது.

வீட்டில் மிதுனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "சரிஞ்சு படுக்கேக்க காலைக் காலுக்கு மேல போடுறது நீங்கள்தானே. எனக்குத் தெரியாதே? சிறுத்தைக்குள்ள நீங்கள்தான் எண்டு நான் அப்பாவுக்கும் சொல்லிப்போட்டன்."

அடுத்த ஆட்டத்தில் மழை இல்லை. எல்லைக் கோட்டருகே பிளாஸ்டிக் தாள் விரித்துச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினார்கள். அலுவலர்கள் தோலுக்குள் நுழைவதில்லை என்பதால் ஏறியது சாரங்கன்தான். றேமண்ட் பிளேசரோடு ஒலிவாங்கியைப் பிடித்திருந்தான். "இந்தச் சறுக்கலக் கண்டுபிடிச்சது நான்! இண்டைக்கு என்ட ஸ்டூடண்ட் செய்து காட்டுவாரு!" உள்ளே ஆள் இல்லை என்ற அலவியின் சட்டம் எந்த நேரத்தில் காலமானது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிறுத்தை தாள்வரை ஓடியது. நின்றது. பிறகு தாளுக்கு முதுகைக் காட்டி, சம்மணம் கொட்டி, அப்படியே நிலத்தில் உட்கார்ந்தது.

அரங்கம் அடங்கிப்போனது. றேமண்ட் ஓடிவந்து சிறுத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சீறினான். "எழும்புடா. மச்சான், சொல்றேன், எழும்பு. என்ட வேல போயிரும்டா." பெரிய திரையில் அது முத்தம் கொடுப்பதுபோல் தெரிந்தது. சாரங்கன் அசையவில்லை. எங்கோ ஒருவன் சிரித்தான். பிறகு ஒரு வரிசை சிரித்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் வரிசை வரிசையாகச் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார்கள். அலவி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி றேமண்டைப் பார்த்துத் தட்டினார்.

சிறுத்தையின் வாயில் தைத்திருந்த வலைத்துணி வழியாகச் சாரங்கன் திரையைப் பார்த்தான். பிளேசர் போட்ட ஒருவன் நெஞ்சில் கையை வைத்து, நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் குனிந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், மூலையில், மஞ்சளாக ஏதோ உட்கார்ந்திருந்தது.