மிளகு மூட்டைமேல் விழுந்த சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு மாசியில், சோளக்காட்டு மலைச்சந்தையில் கீழ்நாட்டு வியாபாரி மருதாசலம் சொன்ன "காட்டான்" என்ற சொல் கருங்கல்லாகி, மலைக்காரி சென்னம்மாளின் மிளகு மூட்டைமேல் விழுந்தது. அன்று உப்பு விலை சற்று ஏறியிருந்தது.

தராசு சாய்கிறதே என்று சென்னம்மாள் கேட்டதுதான் தொடக்கம். மருதாசலம் அவளுக்குப் பதில் சொல்லாமல், முதன்முறையாக மலையேறி வந்திருந்த தன் மாப்பிள்ளை சின்னராசுவைப் பார்த்து, "காட்டானுக்கெல்லாம் தராசு எதுக்குங்க மாப்பிள்ளை?" என்று சிரித்தார். சிரிப்பு முடியுமுன் கல் விழுந்துவிட்டது. நாலு பேர் நெம்பியும் அசையவில்லை. மூட்டையைக் கிழித்தார்கள், ஒரு மிளகுகூட உருளவில்லை. வருடம் முழுதுக்குமான உப்பும் துணியும் அவளுக்கு அந்த மூட்டையில்தான். கிழக்கே பருவம் தப்பிய மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த மிளகைக் கழுதையும் முகராது.

தேன் வாங்க வந்திருந்த சேந்தமங்கலத்துத் தமிழ் வாத்தியார், காட்டில் வாழ்பவன் காட்டான், பழைய சொல், பழுதில்லாத சொல் என்றார். கல் ஒரு விரற்கடை அமுங்கியது. ஆதியில் நல்ல சொல்தான், கீழ்நாட்டார் வாயில் புளித்துப்போனது என்றார் ஒரு தரகர். இன்னும் அமுங்கியது. குண்டனி நாட்டு மலைக்காரர் காளியண்ணன் இடுப்புக் கொடுவாளைத் தொட்டுக்கொண்டு, "வேரு எங்கியோ இருக்கட்டுங்க. முள்ளு எங்க கால்லதான இருக்குது?" என்றார். அவர் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். கீழ்நாட்டு வியாபாரிகள் கழுதைகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

சென்னம்மாள் குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க, நல்ல வார்த்தைதானுங்களே? உங்க மாப்பிள்ளை நிக்கறாருங்க. அவர ஒருக்கா அப்படிக் கூப்புடுங்க. கேட்டுப்போட்டு நான் ஊட்டுக்குப் போறேன்."

மருதாசலம் வாயைத் திறந்தார். அந்தச் சீமையில் மாமனார் எருதைத் தோற்பார், நிலத்தைத் தோற்பார். மாப்பிள்ளையிடம் ஒரு 'ங்க' குறைய விடமாட்டார். சின்னராசு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கொடுவாள் பாதி உறையை விட்டு வந்திருந்தது. முதல் தூறல் தராசுத் தட்டில் விழுந்தது.

"முடியாதுங்க அம்மணி," என்றார். "எளப்பமாத்தான் சொன்னேன்."

பிறகு குனிந்து, நாலு பேரால் ஆகாத கல்லை ஒற்றைக் கையால் தூக்கினார். மிளகு நனையாமல் கூரைக்குள் போயிற்று. தராசை நிமிர்த்தி மிளகை நிறுத்தார்கள். மலையிறங்கும் வழியில் மருதாசலம் கல்லை இரண்டு பள்ளங்களில் எறிந்து பார்த்தார், கைதான் காலியாகவில்லை. சேந்தமங்கலத்துத் தன் கடையில் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்தார். மழைக்காலத்தில் கொஞ்சம் எடை கூடும். மற்றபடி நல்ல கல்.