மூணு பேருக்கும் ஒரே வேட்கை

எழுதும்போது தாளைக் கையால மறைக்கிற பிள்ளையை நான் நம்ப மாட்டேன். பரீட்சையா இருந்தாலும் சரி, லீவு லெட்டரா இருந்தாலும் சரி. பிள்ளைங்க எனக்கு வெச்சிருக்கிற பேரு பூதக்கண்ணாடி. அது எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறவங்க தங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதி அனுப்பணும். நீ யாரு, இந்தப் படிப்பு எதுக்கு, அவ்வளவுதான். மத்த பள்ளிக்கூடங்கள்ல கடைசி வாரத்துல அரக்கப் பரக்க எழுதுவாங்க. எங்க பள்ளிக்கூடத்துல பத்து மாசம் முன்னாடியே ஆரம்பிச்சாகணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நான்தான். மாசம் ஒரு தடவை எழுதிக் குடுப்பாங்க, நான் சிவப்புப் பேனாவால திருத்தித் திருப்பிக் குடுப்பேன். மொத்தம் நாப்பத்திரண்டு பேர். கடைசியா ஒவ்வொருத்தருக்கும் உறுதிமொழித் தாள்ல நான் கையெழுத்துப் போடணும். 'இது மாணவரின் சொந்த எழுத்து.' அந்தக் கையெழுத்து இல்லேன்னா விண்ணப்பத்தைப் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது கடைசித் தாளுங்களை எடுத்துட்டு உட்கார்ந்தேன். முதல்ல சலவைக்கடைக்காரர் பொண்ணு எழுதினது. வேதியியல் கேட்டிருக்கிறவ. 'சிறுவயது முதலே என்னுள் கனன்றுகொண்டிருக்கும் தீராத வேட்கை'ன்னு ஆரம்பிச்சிருந்தா. பதினேழு வயசுல என்னத்தைக் கனன்றுகொண்டிருக்கும்? சரி, போகட்டும்னு விட்டேன். எட்டுத் தாள் தள்ளி ஒரு பையன், கட்டடக்கலை கேட்கிறவன். அவனுக்கும் தீராத வேட்கை. இன்னும் கொஞ்சம் தள்ளி நர்சிங் கேட்கிற பொண்ணு. அவளுக்கும் அதே வேட்கை, அதேமாதிரி கனன்றுகொண்டிருந்துச்சு.

எனக்கு மூக்கு வேர்த்துடுச்சு. எவனோ ஒருத்தன் மொத்தமா எழுதித் தர்றான்.

யாருன்னு ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கல. பள்ளிக்கூட வாசலுக்கு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடை. கொளுத்துற வெயில்லயும் கோட்டு போட்டுட்டு உட்கார்ந்திருப்பான், அதனால அவனுக்கு எங்க ஆசிரியர் அறையில கோட்டுன்னே பேரு. 'விண்ணப்பங்கள் சிறந்த முறையில் செய்து தரப்படும்'னு பலகை வேற. அந்தச் சலவைக்கடைப் பொண்ணு பைலை நெஞ்சோட அணைச்சுட்டு அங்க போறதை ஜன்னல் வழியா எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

"யாருக்கெல்லாம் எழுதித் தர்றீங்க?"ன்னு கடைக்குள்ள காலை வெச்சதுமே கேட்டேன்.

"எழுதித் தர்றதா? எனக்கு லெட்டர் எழுதவே வராது டீச்சர். சலவைக்கடைப் பொண்ணு மட்டும் மாசாமாசம் வரும். நீங்க திருத்தினதை அவங்கப்பா பார்க்கணுமாம். ஒரு பிரதி எடுத்துட்டுப் போகும்."

முழிக்கிறானான்னு பார்த்தேன். முழிக்கல. கைதேர்ந்த திருடன்னு முடிவு பண்ணிட்டேன்.

மறுநாள் மதியம் அந்தப் பொண்ணை பைலோட வரச் சொன்னேன். அறையில வேற யாரும் இல்ல.

"உண்மையைச் சொல்லு. இதை யாரு எழுதினது?"

அவ முகத்துல ஈ ஆடல. "மிஸ்?"

"யாருன்னு சொல்லலேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் வேதியியலாவது ஒண்ணாவது."

கண்ணு கலங்கிடுச்சு. பைலைத் திறந்து ஒவ்வொரு மாசத்துத் தாளையும் எடுத்து மேசைமேல வரிசையா வெச்சா.

மூணாவது தாள்ல 'ஆர்வம்'ங்கிறதை அடிச்சு, மேல சிவப்புல 'வேட்கை'. அஞ்சாவதுல அதுக்கு முன்னாடி 'தீராத'. ஏழாவதுல ஓரத்துல ஒரு அம்புக்குறி, 'கனன்றுகொண்டிருக்கும் என்று சேர்க்கவும்'. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பத்தாவது தாளுக்கு வரும்போது ஒரு வரிகூட அவளோடது இல்ல.

முதல் தாளைக் கையில எடுத்தேன். 'கறையோடு துணி வந்தால் எனக்குச் சந்தோஷம். அப்பாவுக்கு எரிச்சல். எதில் ஊற வைத்தால் எந்தக் கறை போகும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதற்கும் போகாத கறை பதினொன்று இருக்கிறது. ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.' அது முழுக்க குறுக்கால ஒரே கோடு. பக்கத்துல சிவப்புல, 'இதெல்லாம் தேவையா?'

வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு. மிச்சம் நாப்பத்தோரு பேர் தாள்லயும் இதே சிவப்புப் பேனாதான் ஓடியிருக்கு.

"ஏம்மா, இதை அடிச்சப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அடிச்சா அது தப்பாத்தான் இருக்கும்னு நினைச்சேன் மிஸ். அப்பாதான், முதல்ல எழுதினதே நல்லா இருந்துச்சேன்னாரு. உங்களுக்கு என்ன தெரியும்னு அவரைத் திட்டிட்டேன்."

வெள்ளைத் தாள் ஒண்ணைக் குடுத்தேன். "இன்னும் மூணு நாள் இருக்கு. உனக்குத் தோணினதை எழுது."

ஒரு வரி எழுதினா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. என் புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும்போல. உடனே அந்த வரியை அடிச்சுட்டா. மறுபடி ஒரு வரி, மறுபடி என் முகம், மறுபடி அடிச்சா. அரை மணி நேரத்துல இப்படி அஞ்சு வரி போச்சு. கடைசி வாரத்துல எழுதுற பிள்ளைங்களைக் கெடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. எனக்குப் பத்து மாசம் இருந்துச்சு.

எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டேன். எதிர்க் கடையில கோட்டு எதையோ பிரதி எடுத்துட்டிருந்தான். அவன்கிட்டயும் ஒரு மன்னிப்பு கேட்கணும். அப்புறம் பின்னாடி பேனா ஓடுற சத்தம் ஆரம்பிச்சுது, நிக்கவே இல்ல.

மணி அடிச்சதும் பழக்கதோஷத்துல மேசைகிட்ட வந்து கையை நீட்டினேன். அவ சட்டுன்னு ரெண்டு கையாலயும் தாளை மூடிக்கிட்டா. என்னை ஏற இறங்கப் பார்த்தா. இத்தனை மாசத்துல ஒரு தடவைகூட அவ அப்படிப் பார்த்ததில்ல.

நீட்டின கையை மடக்கிக்கிட்டேன். உறுதிமொழித் தாளை எடுத்து, அவ பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு அவ பக்கம் தள்ளினேன்.

"நீங்க படிக்கலையா மிஸ்?"

"வேண்டாம். நீயே உறையில போட்டு ஒட்டிடு."

நான் கதவுகிட்டப் போற வரைக்கும் அவ தாள்மேல இருந்து கையை எடுக்கல.