வாய்க்கால் பாலம் வரைக்கும்

சர்க்கரை வியாதி என்று டாக்டர் ரோசரி சொன்னதும் பவுனம்மாள் முதலில் கேட்டது, "அப்ப ரத்தம் இனிக்குமாங்க?" என்றுதான்.

"குடிச்சுப் பார்த்ததில்லை," என்றார் டாக்டர்.

சிரிக்காமல் பேசுகிறவர் அவர். புத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பவுனம்மாள் முந்தானைக்குள் மறைத்து மருந்து சீசாவில் சிறுநீர் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடிக் குழாயில் இருந்த நீலத் தண்ணீரில் அதிலிருந்து எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார் டாக்டர். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"நீலமா இருந்தா நல்லது. பச்சைன்னா பரவாயில்லை. இது செங்கல்."

"என்னங்க செய்யணும்?"

"ஒரு மாசம் பார்க்கலாம். இனிப்பு கிடையாது. சோறு பாதி. தினம் காலையில வாய்க்கால் பாலம் வரைக்கும் நடந்துட்டு வரணும். வாரா வாரம் சீசாவோட வாங்க. மாசக் கடைசியில பச்சைக்கு வரலேன்னா தினம் ஒரு ஊசி."

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆயுசுக்கும்."

பக்கத்தில் கம்பவுண்டர் சின்னையா ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். பவுனம்மாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாலு பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பெற்றவள் அவள். ஆனால் காலரா ஊசி போட, அப்போது அவர்கள் இருந்த லால்குடிக்கு ஆள் வந்தபோது வைக்கோல் போரில் போய் ஒளிந்துகொண்டாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்று.

"வீட்டுல நடந்துக்கிட்டேதானே இருக்கேன் டாக்டரம்மா? அது நடை இல்லையா?"

"அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்கிறது கணக்கில்லை."

"மாவாட்டுறேனே."

"அது கைக்கு. நான் கேக்கிறது கால்."

"முட்டி வலிக்குமே."

"முதல்ல வலிக்கும். வலிச்சா மெதுவா நடங்க. வீங்கினா வந்து காட்டுங்க. வெறுங்காலோட போகக்கூடாது. முள்ளு குத்தினா உங்களுக்கு லேசில ஆறாது."

புத்தூர் நாலு ரோட்டில் விதைக் கடை வைத்திருந்த அவள் கணவர் ரத்தினவேல் அன்று மாலையே பெரிய கடைவீதிக்குப் போய்த் தோல் செருப்பு வாங்கி வந்தார். போட்டு நடந்தால் கிறீச் கிறீச் என்றது.

"ஊரைக் கூட்டுதே இது," என்றாள் பவுனம்மாள்.

"பழகினா அடங்கிடும்."

மறுநாள் காலை கிளம்பினாள். நாலு வீடு தாண்டவில்லை. செருப்புச் சத்தம் கேட்டு, கோலம் போட்டுக்கொண்டிருந்த காளியாயி நிமிர்ந்தாள்.

"எங்கக்கா, காலங்காத்தால?"

பவுனம்மாள் அப்படியே நின்றாள். கிளம்பும்போது எங்கே என்று கேட்டுவிட்டால் திரும்பிவந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். அவள் பிறந்த ஊரில் 'தூரமா?' என்றுதான் கேட்பார்கள். அந்த விவரம் தெரியாதவர்கள் டவுன்காரர்கள். ஒரு தடவை, யாரோ எங்கே என்று கேட்டும் திரும்பாமல் போனாள். அன்றைக்கு வண்டியின் கடையாணி கழன்று வாய்க்காலில் விழுந்தாள். அதிலிருந்து சகுனத்தோடு அவள் விளையாடுவதில்லை.

திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். புறப்பட்டாள்.

காளியாயி கோலத்தை முடித்து உள்ளே போயிருந்தாள். தெருமுனையில் தையல்கடை அப்துல் சலாம் மிஷினை நிறுத்தினார். "எங்கம்மா, வெயிலுக்கு முந்தியே?"

திரும்பினாள். உட்கார்ந்தாள். குடித்தாள்.

மூன்றாம் தடவை பூக்காரி ராசாத்தி. நாலாம் தடவை மாடு ஓட்டிப் போன மூக்கன். ஐந்தாம் தடவை பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. எதிரே சைக்கிளில் வந்தது கம்பவுண்டர் சின்னையா.

"எங்க, ஆஸ்பத்திரிக்கா?"

ஊசி போடுகிறவன் வாயிலிருந்து வந்தால் சகுனத்துக்கு இரண்டு பங்கு வேகம். அவள் திரும்பிய நடையில் செருப்பு கிறீச்சிடக்கூட நேரமில்லை. அதற்குப் பிறகும் அன்றைக்கு இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் திரும்பினாள்.

"பாலத்தைத் தொட்டியா?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் ரத்தினவேல் கேட்டார்.

"எங்கங்க தொடறது? ஏழு தடவை கிளம்பினேன்."

"பாலம் வரைக்கும் நடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயேன்."

"எதுக்குன்னு கேட்பாங்களே. வேலையத்து நடக்கப் போறேன்னு சொன்னா, வீட்டுல சண்டைன்னு நினைச்சுக்குவாங்க. உங்களுக்குத்தான் பேரு கெடும்."

அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினாள். பால்காரன் கேட்டான். பின் தெரு வழியாகப் போனாள். அங்கே அவளைப் புதிதாகப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டால் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாள். "எந்த ஆஸ்பத்திரிக்கு? யாருக்கு முடியலை?" என்று மூன்று பேர் கூடவே வரக் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு வாரம் ஆகியும் பாலத்தை அவள் மிதிக்கவில்லை. முதல் வாரம் குழாய் மஞ்சளில் நின்றது. சோற்றைக் குறைத்ததால் இருக்கும் என்று வாயைத் திறக்காமல் வந்துவிட்டாள். இரண்டாம் வாரமும் சீசாவை நீட்டினாள்.

நீலம் பச்சையாயிற்று. அங்கேயே நின்றது. நல்ல வாழையிலைப் பச்சை.

"நடக்கிறீங்க," என்றார் டாக்டர்.

பவுனம்மாளுக்குப் பொய் வரவில்லை. "பாலத்துக்கு ஒரு நாளும் போகலீங்க," என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளம்புறீங்க?"

"ஏழு. சந்தை நாள்னா ஒன்பது."

"பாலத்துக்கு மூணு தடவை போய் வந்த தூரம் நடக்கிறீங்க. நான் சொன்னது ஒண்ணு. இப்படியே இருங்க."

வெளியே பெஞ்சியில் காத்திருந்த காளியாயி அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நம்மால்தானே அக்கா தினம் பாதியில் திரும்புது என்று தெரு முழுக்கப் போய்ச் சொன்னாள்.

மறுநாள் காலை செருப்புச் சத்தம் கேட்டதும் காளியாயி நிமிர்ந்தாள். "தூரமாக்கா?"

"தூரமாம்மா?" என்றார் அப்துல் சலாம், மிஷினை நிறுத்தாமலே.

ராசாத்தி கேட்டாள், தூரமா. மூக்கன் கேட்டான், தூரமா. சின்னையா சைக்கிளை விட்டே இறங்கிக் கேட்டார்.

பவுனம்மாள் ஒரே வீச்சில் பாலம் வரைக்கும் போனாள். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க வேறொன்றும் இல்லை. திரும்பி வந்தாள். அரைமணி நேரத்தில் வீட்டில் இருந்தாள். பொழுது மிச்சமாக இருந்ததால் ஒரு கூடை தட்டைப் பயறு உரித்தாள்.

ஆறு நாள் இப்படிப் போயிற்று. ஏழாம் நாள் குழாய் பச்சையைத் தாண்டி, மஞ்சளையும் தாண்டி, ஆரஞ்சில் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்ன மாதிரி பாலம் வரைக்கும் போறேங்க."

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். சீக்கிரமே நிறுத்திக்கொண்டார். "நான் சொன்னது உங்களுக்குப் போதலை. அப்ப மூணு தடவை போங்க."

"ஒரே பாலத்துக்கா? தொடர்ந்தாப்பல மூணு தடவையா? பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

"சகுனம்னு ஏழு தடவை வந்தீங்களே."

"அதுக்குக் காரணம் இருந்துச்சுங்க."

டாக்டர் காலண்டரைப் பார்த்தார். "எட்டு நாள் இருக்கு," என்றார். உள்ளே சின்னையா ஊசி கொதிக்க வைக்கத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பவுனம்மாள் காளியாயி வீட்டுக்கு எதிரே நின்றாள்.

"தூரமாக்கா?"

"தூரமாவது ஒண்ணாவது. எங்கேன்னு கேளுடி."

"ஐயோ, நான் மாட்டேன்."

"கேளுங்கறேன்ல. எனக்கு ஊசி போட்டாத்தான் உனக்குத் தூக்கம் வருமா?"

கோலப்பொடிக் கையோடு காளியாயி எழுந்து நின்றாள். மெல்லிய குரலில், "எங்கக்கா?" என்றாள்.

பவுனம்மாள் சட்டென்று திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள்.

அப்துல் சலாம் கொஞ்சம் தயங்கினார். "கேக்கச் சொல்லிக் கேட்டா அது சேருமாம்மா?"

"வாயிலேர்ந்து வந்தா வந்ததுதாங்க பாய்."

"அப்ப சரி. எங்கம்மா, வெயிலுக்கு முந்தியே?"

ரத்தினவேலுக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஆனால் அந்த எட்டு நாளும் காலையில் கடைக்குப் போகும் வழியில் அவரும் ஒரு தடவை எதிரே வந்து, அறியாதவர் போல, "எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். சந்தை நாளில் பதினோரு தடவை ஆயிற்று. முட்டி வலித்தது. மெதுவாக நடந்தாள். வீங்கவில்லை.

மாசக் கடைசியில் சின்னையா புது ஊசி ஒன்றை எடுத்துத் தட்டில் தயாராக வைத்திருந்தார். பவுனம்மாள் இந்தத் தடவை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்க," என்றார் டாக்டர்.

பச்சை. நீலத்துக்குப் பக்கத்துப் பச்சை.

"எடுத்து வையுங்க சின்னையா," என்றார் டாக்டர். பிறகு பவுனம்மாளைப் பார்த்து, "நடையை விட்டா இது நிக்காது. இப்படியே போகட்டும்," என்றார்.

அவள் தெருவுக்குள் நுழையும்போது வெயில் ஏறியிருந்தது. அப்துல் சலாம் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"என்ன கலரும்மா?"

"பச்சைங்க பாய்."

ராசாத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள், என்ன கலரு. மூக்கன் மாட்டை நிறுத்திக்கொண்டு கேட்டான். காளியாயி வாசலில் நின்றிருந்தாள்; வாயைத் திறக்கப் பயந்தாள்.

"பச்சைடி," என்றாள் பவுனம்மாள்.

கலரைக் கேட்டால் திரும்பிப் போக வேண்டும் என்று எந்த ஊரிலும் விதி இல்லை. அன்றைக்கு அவள் நேராக வீடு போய்ச் சேர்ந்தாள்.