முகம் தெரிகிற படம்

திண்டிவனத்தில் ஆர்த்தி ஸ்டூடியோ என்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தேவநாதன் மணப்பெண்ணைப் படம் எடுத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று கேலி பேசுவார்கள். அவ்வளவு அழகாக்கிவிடுவான். கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த அந்த மே மாதத்தில் கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதுவரை குட்மார்னிங் பூக்களும் பழைய சண்டைகளும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் குழு திடீரென்று உருப்படியான ஒரு காரியத்தில் இறங்கியது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று வாங்கினார்கள். ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காதவர் வீட்டில் அதைக் கொண்டுபோய் வைப்பது, தேறியதும் எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. தேவநாதனின் பழைய ஆம்னி வேன்தான் வண்டி. கேமராவும் அவனுடையதுதான்.

முதல் வீட்டில் அவன் எடுத்த படம் நன்றாக அமைந்துவிட்டது. மூக்கில் குழாயோடு ஒரு பெரியவர் சிரிக்கிறார், பக்கத்தில் மனைவி கைகூப்பி நிற்கிறாள், பின்னால் குழுவின் பேனர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஆனந்தராஜ் அதைத் தன் கம்பெனியில் காட்டி இன்னும் மூன்று மெஷின் அனுப்பிவைத்தான். அடுத்த வீட்டுக்காரர்கள் கூச்சப்பட்டதால் தேவநாதன் வெறும் மெஷினை மட்டும் எடுத்து அனுப்பினான். ஆனந்தராஜின் கம்பெனியில் யாரோ, "இது நெட்டுல சுட்ட படமா?" என்று கேட்டுவிட்டார்களாம். இருபது வருஷமாகப் படம் எடுக்கிறவனைக் கேட்கிற கேள்வியா அது? அன்றைக்கே குழுவில் எழுதிவிட்டான்: இனிமேல் முகம் தெரிகிற படம் இல்லாமல் எந்த வீட்டிலும் மெஷின் இறங்காது. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். படம் போனால் மெஷின் வருகிறது, மெஷின் வந்தால் ஓர் உயிர் பிழைக்கிறது. அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அஞ்சம்மாள் போன் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். புருஷன் துரைக்கண்ணுவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். ஊர் நர்ஸ் கொடுத்துவிட்டுப் போன கருவியை விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் எண்பத்தாறு காட்டியிருக்கிறது. எங்கேயும் படுக்கை காலி இல்லை. நாலு மெஷினில் ஒன்றுதான் அன்றைக்குக் கையில் இருந்தது. அதை ஏற்றிக்கொண்டு பதினோரு மணிக்கெல்லாம் தேவநாதன் அந்த வீட்டு வாசலில் போய் நின்றான்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் துரைக்கண்ணு குப்புறப் படுத்திருந்தார். மூச்சு வாங்கி வாங்கித் தோள் இரண்டும் ஏறி இறங்கின. வாசலில் இரண்டு கறவை மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. தேவநாதன் பேனரை எடுத்து முருங்கை மரத்தில் கட்டப் போனான்.

"இது இன்னாத்துக்கு சார்?" என்றாள் அஞ்சம்மாள்.

"ஒண்ணும் இல்லக்கா. ஒரே ஒரு போட்டோ. நீங்களும் அண்ணனும் மெஷினோட. அஞ்சு நிமிசம்."

அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். "போட்டோலாம் வேணாம் சார். செல்லுல போட்டீங்கன்னா ஊரு பூரா தெரிஞ்சிபூடும். ராஜாமணி வூட்ல இப்பிடித்தான் தெரிஞ்சிபோயி, சொசைட்டில அவங்க பால ஊத்தவே உடல. கறந்து கறந்து மண்ணுல ஊத்திக்கினு கீறாங்க. இந்த ரெண்டு மாட்ட வுட்டா எங்களுக்கு இன்னா சார் கீது?"

"மொகத்துல பாதி மாஸ்க்குதானக்கா? யாருக்குத் தெரியப்போவுது?"

"ஊர்க்காரங்களுக்குத் தெரியாதா? மெஷின மட்டும் போட்டோ எடுத்துக்குங்க சார். இல்லாங்காட்டி என்ன முதுகுப் பக்கமா எடுத்துக்குங்க. உங்க கால்ல வுழறேன்."

"முகம் தெரியணும்க்கா. ரூல்ஸு அப்பிடி."

அந்த ரூல்ஸைப் போட்டதே தான்தான் என்று அவன் சொல்லவில்லை. கத்திரி வெயிலில் மாஸ்க்குக்குள்ளும் வேர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன ஒருவர் டிவிஎஸ்ஸை மெதுவாக்கி, "இன்னாக்கா, டிவிகாரங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா, அட்ரஸ் கேக்கறாங்க" என்று சத்தமாகச் சொன்ன அஞ்சம்மாள், வண்டி நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "போய்டுங்க சார். எங்களுக்கு மெஷினே வேணாம்."

தேவநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணன் உசுரு முக்கியமா, பாலு முக்கியமா?" என்று கேட்டான். பாலை வைத்தே உயிர் வாழ்கிறவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் கேட்டான்.

மெஷினைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். மதியத்துக்குள் அவளே கூப்பிடுவாள் என்று உண்மையாகவே நம்பினான். ஊர் எல்லையில் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் காத்தும் இருந்தான். போன் வந்தது. ஆனால் வானூரிலிருந்து வந்தது. கட்டட வேலைக்குப் போகிற ஒருவனுக்கு எழுபத்தொன்பது காட்டுகிறதாம். தேவநாதன் வண்டியைக் கிளப்பினான். வானூர் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. படமும் நன்றாக விழுந்தது. ஆனந்தராஜ் சிவப்பு இதயம் ஒன்று அனுப்பியிருந்தான்.

அஞ்சம்மாள் கூப்பிட்டபோது மணி ஐந்து.

"சார், போட்டோ எடுத்துக்குங்க சார். எத்தினி வேணா எடுத்துக்குங்க. எழுவதுதான் காட்டுது. பேஜாரா கீது சார், ஜல்தி வாங்க."

மெஷின் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. வர்றேன் என்று மட்டும் சொன்னான். பிறகு மெஷின் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். எந்த வீட்டிலிருந்தும் எடுக்கிற நிலைமை இல்லை. வானூர்க்காரனின் மனைவி, "இப்பத்தான் சார் கண்ணத் தொறந்து தண்ணி கேட்டாரு, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அவளிடம் என்ன கேட்பது? விழுப்புரத்தில் இருந்த நண்பன் ஒருவன், ஒரு படுக்கை காலியாகும்போல இருக்கிறது, ஆளைக் கூட்டி வா என்றான். தேவநாதன் வெறும் ஆம்னியோடு ஒலக்கூர்ப் பக்கம் விரட்டினான்.

அவன் போனபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அஞ்சம்மாள் நடுத்தெருவில் நின்றாள். தலையை வாரிக் கூறைப்புடவை கட்டியிருந்தாள். முகத்தில் மாஸ்க் இல்லை. காலையில் யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தாளோ அந்தத் தெரு முழுக்க எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலோடு புருஷனை வாசலுக்கு இழுத்து வந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்திருந்தாள். தனியாகத்தான் இழுத்திருக்க வேண்டும். அவருக்குத் தலை நிற்கவில்லை.

"வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடுங்க சார். நான் எங்க நிக்கணும்?"

"போட்டோலாம் வேணாம்க்கா. மொதல்ல அண்ணன ஏத்துங்க, விழுப்புரம் போயிடலாம்."

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "மெஷினு?"

"வேற வூட்டுக்குப் போயிடுச்சிக்கா."

கைகொடுக்க யாரும் கிட்டே வரவில்லை. இரண்டு பேருமாகப் போர்வையோடு தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். அவள் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

திண்டிவனம் தாண்டுகிறவரை பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் தேவநாதன் வண்டி ஓட்டினான். கூட்டேரிப்பட்டு தாண்டியபோது அது கேட்கவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினான். பிறகு ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். விரலில் மாட்டிய கருவி எதையும் காட்டவில்லை.

அவன் இறங்கி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் விசிறுவதை நிறுத்த வெகுநேரம் ஆயிற்று. நிறுத்தியபின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும். அவள் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"போட்டோ வேணாம்னு காத்தாலயே சொல்லியிருக்கலாமே சார்?"